காது அடைப்பும் தலைசுற்றலும்: எதை முதலில் பார்ப்பது, எந்த டெஸ்ட்டுக்குப் போவது

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆடியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். காது எவ்வளவு கேட்கிறது, உடம்பு சமநிலையில் நிற்கிறதா என்று சோதிப்பதுதான் தொழில். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கள் தமிழ் ஆட்கள் இருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர்கள் சொல்லும் குறைகளை எண்ணினால் பத்தைத் தாண்டாது. கூடவே இரண்டு தவறுகளும் வாரம் தவறாமல் வரும். காதில் குறும்பி அடைத்தவர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் பெரிய கவரோடு வந்து உட்காருவார். அன்றைக்கே ஓடி வந்திருக்க வேண்டியவர் "குறும்பிதானே" என்று மூன்று வாரம் எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு வருவார். முதல் ஆளுக்குப் போனது பணம். இரண்டாவது ஆளுக்குப் போனது காது.

உங்கள் குறைக்கான தலைப்பைக் கண்டுபிடித்து அதை மட்டும் படித்தால் போதும். செலவில்லாத காரணம் முன்னால் இருக்கும், செலவு பிடிப்பது பின்னால் வரும்.

எதையும் சோதிக்காமல் கிளம்ப வேண்டியவை

தலைசுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பிடிக்காமல் நிற்கவே முடியாமல் போவது, இதுவரை வராத கடும் தலைவலி: இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். ஆம்புலன்சுக்கு 10177, செல்போனிலிருந்து 112. நெஞ்சுவலியோடு மயக்கம் வந்தாலும் இப்படித்தான். தலையில் அடிபட்டுக் காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலும் இப்படித்தான்.

அதே நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டியவை மூன்று. ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது. காதுக்குப் பின்னால் வீங்கிக் காய்ச்சல் அடிப்பது. சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி. மூன்றாவதைச் சாதாரண வலி என்று விட்டுவிடாதீர்கள். கிருமி எலும்புக்குள் இறங்கிவிடும்.

"ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது"

எப்போது ஆரம்பித்தது என்பதுதான் முதல் கேள்வி. "போன மாசத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக" என்றால் நிதானமாகப் பார்க்கலாம். "நேற்று ராத்திரி சரியாக இருந்தது, காலையில் எழுந்தால் இல்லை" என்றால் நிதானம் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் இழுங்கள். ஓம் சொல்லும்போது கடைசியில் உதடு மூடியதும் வருமே, அந்த ஓசைதான். அது எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? முதலில் நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் கும்மென்று நிற்கும். இப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள்.

*குறை உள்ள காதில் பலமாகக் கேட்டால்:* பெரும்பாலும் வழியில் ஏதோ அடைப்பு. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

*நல்ல காதில் பலமாகக் கேட்டால்:* அடைப்பு இல்லை, உள்காதோ நரம்போ. திடீரென்று வந்ததாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

*எதிலும் சரியாகத் தெரியவில்லை என்றால்:* கிளம்புகிற கூட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அடைப்பு என்றால் முதல் சந்தேகம் குறும்பி. ஆலிவ் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, நாளைக்கு இரண்டு தடவை, நான்கைந்து நாள் விடுங்கள். காதில் சீழ் வடிந்ததுண்டு, சவ்வில் ஓட்டை உண்டு, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் எண்ணெய் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆயா சூடாக ஊற்றுவார் என்பது தெரியும். அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளட்டும், சுட்ட காதை நான் பார்த்திருக்கிறேன். பஞ்சுக்குச்சியும் கொண்டை ஊசியும் குறும்பியை உள்ளே தள்ளி இடிக்கும் உலக்கைகள். ஐந்து நாளில் திறக்கவில்லை என்றால் கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். கடலில் குளித்த மறுநாள் வலி வந்து, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினால் "ஆ" என்று கத்தத் தோன்றினால், வெளிக்காதில் புண். சொட்டு மருந்துக்கு டாக்டரிடம் போங்கள், அதுவரை காதில் தண்ணீர் படக்கூடாது.

சளி பிடித்திருந்தாலோ, ஜொகன்னஸ்பர்க்குக் காரில் போகையில் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் அடைத்த காது திறக்காமலே இருந்தாலோ, மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் மூடியிருக்கிறது. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊத வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் நடுக்காதில் நீர் தங்கியிருக்கிறதா என்று டிம்பனோமெட்ரி செய்ய வேண்டும். காதில் ஒரு ரப்பர் முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். காதுக்கு அரை நிமிடம், வலிக்காது. பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் தங்கி வடியாமல் நின்றால், காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கின் பின்பக்கத்தையும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருக்கலாம் என்பதால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இனி அந்தத் திடீர்க் கேளாமை. மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் அந்தப் பெயரைச் சொல்வோம். மருந்து ஸ்டீராய்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரம்தான் பொன்னான நேரம். மூன்று வாரம் எண்ணெய் விட்டவர் என்றேனே, அவர் பஸ் டிரைவர். ஒலி டெஸ்ட்டின் முடிவை வரையும் தாள்தான் ஆடியோகிராம், குறி கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். அவருடைய ஆடியோகிராமில் இடதுகாதுக்கான நீலப் பெருக்கல் குறிகள் தாளின் அடியில் போய் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "குறும்பி எடுத்தா சரியாயிடும்ல?" என்று கேட்டார். காதுக்குள் குறும்பியே இல்லை, சவ்வு பளபளவென்று இருந்தது.

எங்கள் ஆட்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. ஸ்டீராய்டு என்றதும் "சுகர் ஏறிடும், வேணாம்" என்பார்கள். ஏறத்தான் செய்யும். அதற்காக மறுக்காதீர்கள், டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டு கொடுக்கலாம், சவ்வு வழியாக நேரே நடுக்காதில் ஊசி போடுகிற முறையும் இருக்கிறது. நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இங்கே அது வீண்செலவில்லை.

"டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது"

இதை நோயாளி சொல்ல மாட்டார், மருமகள் சொல்வாள். அவரைக் கேட்டால் "எனக்கு நல்லாக் கேக்குது, இவங்கதான் முணுமுணுக்கிறாங்க" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. வயதானால் முதலில் போவது மேல்சுருதி. பேச்சின் சத்தம் காதில் விழும், எழுத்து விழாது. "சட்டி எடுங்க" என்றால் "பெட்டியா?" என்பார். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் மங்கும்.

முதலில் குறும்பி. இரண்டு காதிலும் இருந்தால் இதே கதைதான் நடக்கும்.

குறும்பி இல்லையென்றால் போனில் ஒரு சோதனை. 2016இல் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முயற்சியில் ஹியர் இஸட்-ஏ என்ற ஆப் வந்தது. இரைச்சலுக்கு நடுவே மூன்று மூன்று எண்கள் சொல்லும், கேட்டதை அழுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இலவச ஆப்பும் இதே முறைதான். இயர்போன் மாட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிவு மோசமாக வந்தால் டெஸ்ட்டுக்கு வாருங்கள். நன்றாக வந்து வீட்டில் சண்டை மட்டும் ஓயவில்லை என்றால், அப்போதும் வாருங்கள்.

அப்புறம் இரைச்சலும் மருந்தும். சர்க்கரை ஆலை, துணி ஆலை, உலோகப் பட்டறை என்று வேலை பார்த்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் என்ற மேல்சுருதியை ஒட்டி ஆடியோகிராமில் ஒரு பள்ளம் விழும். இந்த நாட்டுச் சட்டப்படி வேலையிடத்தில் 85 டெசிபல்தான் எல்லை. அதற்கு மேல் போனால் தொழிலாளிகளின் காதைச் சோதித்துப் பதிவு வைப்பது முதலாளியின் கடமை. அந்தப் பழைய பதிவைக் கேட்டு வாங்கி வாருங்கள், இழப்பீடு கேட்கையில் அதுதான் பேசும். காவடிக்குக் காவடி தவிலுக்கும் உறுமிக்கும் பக்கத்திலேயே நிற்கிற பையன்களுக்கும் அந்தப் பள்ளம் விழுந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க முருகன்தான் இருக்கிறார்.

காது டெஸ்ட்டுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, தனியாரிடம் நேரே வரலாம். அரசு மருத்துவமனை என்றால் கிளினிக்கிலிருந்து கடிதம் வேண்டும், வரிசை நீளம். காதில் மாட்டும் மெஷின் இலவசம் என்று விளம்பரம் செய்கிற இடங்களில், சோதிக்கிறவர் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவானவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவானவர் தயங்காமல் சொல்லிவிடுவார்.

"படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது"

இவர்கள்தான் எனக்குப் பிடித்த நோயாளிகள். பத்தில் ஒன்பது பேரை அன்றைக்கே சிரித்த முகமாக அனுப்பலாம்.

சரிபார்க்க மூன்று கேள்வி. புரளும்போது, படுக்கும்போது, துணி காயப்போட அண்ணாந்து பார்க்கும்போது, கோபுரத்தைப் பார்க்கும்போது மட்டும்தான் வருகிறதா? ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? காது முன்புபோலவே கேட்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், உள்காதில் சின்னச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது. ஸ்கேனில் அது தெரியாது, மாத்திரையில் அது கரையாது.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். சுற்றல் வரும் பக்கமாகப் படுக்கும்போது, பக்கத்தில் ஒருவரைப் போனால் உங்கள் கண்ணைக் கிட்டத்தில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிவிடாதீர்கள். அந்த அரை நிமிட வீடியோ எனக்கு ஸ்கேனைவிடப் பயன்படும்.

என் அறையில் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்வேன். தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி படுக்க வைப்பது. போன மாதம் ஒரு பெரியம்மா. சாய்த்ததும் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான்காவது எண்ணில் இரண்டு கண்ணும் கடிகாரமுள் மாதிரி சுழன்று மேலே மேலே துடிக்க ஆரம்பித்தன. என் முழங்கையைப் பிடித்த பிடியில் அவருடைய வளையல் பதிந்தது. "முருகா முருகா" என்றார். பதினைந்து நொடி. அப்புறம் துடிப்பு தளர்ந்து நின்றது. "நின்னுடுச்சு" என்றார், தானே நிறுத்தியதுபோல. அப்படியே, துகளைப் பழைய இடத்துக்கே திருப்பும் எப்லி முறைப்படி தலையை மறுபக்கம், பிறகு உடம்போடு பக்கவாட்டில், பிறகு எழுந்து உட்காருவது என்று படிப்படியாகத் திருப்பினேன். இன்னொரு தடவை சோதித்தபோது கண் அசையவில்லை. அவருடைய பையில் ஏற்கெனவே எடுத்த தலை எம்.ஆர்.ஐ. இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே எப்லி செய்யலாமா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம். எந்தக் காது, உள்காதின் வளையக் குழாய்களில் எந்த வளையம் என்று தெரியாமல் செய்தால் துகள் வேறு வளையத்துக்குப் போய் உட்காரும். ஒருமுறை கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, திரும்ப வந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வேறு வழி இருக்கிறது. இரண்டு மூன்று தடவை திருப்பியும் போகாவிட்டாலோ, சாய்த்ததும் கண் நேர்கீழாகத் துடித்து நிற்காமல் ஓடினாலோ, நரம்பு மருத்துவரிடம் அனுப்புவேன். அந்த எம்.ஆர்.ஐ.க்கு அப்போதுதான் வேலை.

"எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது"

இது பெரும்பாலும் காதே இல்லை. உலகம் சுற்றாது, கண்தான் இருட்டும்.

பிரஷர் பார்க்கும் மெஷின் வீட்டில் இருக்கும். ஐந்து நிமிடம் படுத்திருந்து அளவெடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் குறைவா, வெயிலில் விரதமா (தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாள் என் அறைக்கு இந்தக் கூட்டம்தான் வரும்), பிரஷர் மாத்திரை கூடுதலா, சர்க்கரையால் நரம்பு தளர்ந்ததா என்று அந்த வரிசையில் யோசியுங்கள். எண்களைத் தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"மணிக்கணக்கில் சுற்றல், கூடவே வாந்தி"

எவ்வளவு நேரம் என்பதுதான் சாவி. "ரொம்ப நேரம்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. காலண்டரில் ஆரம்பித்த மணி, அடங்கிய மணி, காது எப்படி இருந்தது என்று மூன்றையும் குறித்து வையுங்கள்.

*முதல் தடவை, விடாமல் சுற்றுகிறது, நாள் கடந்தும் நிற்கவில்லை:* உள்காது நரம்பு வீக்கமாக இருக்கலாம், சிறுமூளையில் பக்கவாதமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க, தலையைச் சட்டென்று திருப்பிக் கண் பார்வை நிலைக்கிறதா என்று பழகிய கை சோதிக்க வேண்டும். வீட்டு வேலையில்லை இது, அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிரஷர், சர்க்கரை, சிகரெட் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம். முதல் நாளில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நடக்க முடியவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அந்த இடத்துப் பக்கவாதம் முதல் ஸ்கேனில் தப்பிப்பதுண்டு.

*விட்டுவிட்டு வருகிறது, 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம்வரை, வரும்போது ஒரு காது அடைத்து இரைகிறது:* மெனியர் நோய் என்று சந்தேகிப்போம். காது மங்கலாக இருக்கும் நாளிலேயே ஆடியோகிராம் எடுத்தால்தான் கீழ்ச்சுருதி இழப்பு பிடிபடும். நல்ல நாளில் வந்தால் தாள் சுத்தமாக இருக்கும், பழி என் மேல் விழும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். உப்பு என்றால் சாம்பாரில் போடுவது மட்டும் இல்லை, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் கணக்குத்தான்.

*விட்டுவிட்டு வருகிறது, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லை, ஒற்றைத் தலைவலி உண்டு அல்லது அம்மாவுக்கு உண்டு:* மைக்ரேன் வகைத் தலைசுற்றல். தலைவலி கூடவே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இந்தக் குறைகளுக்குத்தான் பெரிய டெஸ்ட்கள். கண்ணில் கேமராக் கண்ணாடி மாட்டி அசைவைப் பதிவு செய்வது, காதில் 30 பாகை, 44 பாகை செல்சியஸ் தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. தண்ணீர் விட்டதும் ஒன்றிரண்டு நிமிடம் சுற்றும். சுற்ற வைப்பதுதான் டெஸ்ட். பயந்து நிறுத்தச் சொன்னால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

"நடந்தால் தள்ளாடுகிறது, இருட்டில் மோசம்"

சுற்றல் இல்லை, மேகத்தில் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். செருப்பையும் கண்ணாடியையும் முதலில் பாருங்கள். புதிதாக மாற்றிய கண்ணாடியே காரணமாக இருக்கலாம். பிறகு கால்: சர்க்கரையில் பாதம் மரத்திருந்தால் தரை தெரியாது. கண்ணை மூடி உட்கார்ந்து, பெருவிரலை ஒருவர் மேலும் கீழும் அசைக்க, எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா?

கால் சரி என்றால் செய்தித்தாளைக் கையில் எடுங்கள். தலையை அசைக்காமல் படியுங்கள். பிறகு "இல்லை இல்லை" என்பதுபோலத் தலையை வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்து குலுங்கிப் படிக்கவே முடியவில்லை என்றால் இரண்டு உள்காதும் பலவீனம் என்று சந்தேகம்.

அப்போது நான் கேட்பது ஒன்றே: காசநோய்க்கு ஊசி போட்டீர்களா? மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பல மாதம் போட்ட கானமைசின், அமிகாசின் ஊசிகள் பலருடைய காதைக் கொண்டுபோயின. 2018இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிக்குப் பதில் பெடாக்குவிலின் மாத்திரைக்கு மாறியது. அதற்கு முன் போட்டவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள், பாதிப்பேர் ஊசிக்கும் தள்ளாட்டத்துக்கும் முடிச்சுப் போடுவதே இல்லை. பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். இழந்தது திரும்பாது, பயிற்சி கொடுத்து நடையைத் தேற்றலாம். அதுவரை இரவில் கழிப்பறை வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

"காதில் வண்டு ரீங்கரிக்கிறது"

இரண்டு காதிலும், வருடக்கணக்காக, ஒரே மாதிரி: குறும்பி பாருங்கள், ஆடியோகிராம் ஒன்று எடுங்கள், பெரும்பாலும் கேள்திறன் இழப்பின் நிழல்தான். ஒரே காதில் மட்டும் என்றால் நரம்புக் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து "துப் துப்" என்று அடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டர், தள்ளிப்போடாமல். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் சேர்ந்து அடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

"காது மெஷின் வேலை செய்யவில்லை"

புது பேட்டரியின் ஸ்டிக்கரைக் கிழித்ததும் மாட்டாதீர்கள். காற்று உள்ளே போக ஒன்றிரண்டு நிமிடம் வெளியில் வையுங்கள். ஸ்டிக்கர் நிறம் பாருங்கள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு. மாற்றி வாங்கி வந்த பேரன்கள் நிறைய. அடுத்து முனையிலுள்ள குறும்பி வடிகட்டி, அப்புறம் குழாயில் கோத்திருக்கும் ஈரம். டர்பன் புழுக்கத்தில் இந்த ஈரம்தான் பாதி மெஷினைக் கெடுக்கிறது. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தூசி போகும். விசில் அடித்தால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி. இவ்வளவுக்கும் மசியாவிட்டால் வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

"குழந்தை முதல் டெஸ்ட்டில் தேறவில்லை என்கிறார்கள்"

பிறந்த முதல் நாளில் காதுக்குள் நீரும் மாவுபோன்ற பிசுக்கும் இருக்கும், அதனாலேயே பலர் தேறுவதில்லை. அழ வேண்டாம், மறு டெஸ்ட்டைத் தவற விடவும் வேண்டாம். மறுபடியும் தேறவில்லை என்றால், தூங்க வைத்து நெற்றியில் மின்முனை ஒட்டி மூளைத்தண்டின் பதிலை அளக்கும் டெஸ்ட். மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிந்து, ஆறு மாதத்துக்குள் மெஷின் மாட்டினால் பேச்சு வரும். "கதவைத் தட்டினா திரும்புறானே" என்பது டெஸ்ட் இல்லை, அவன் அதிர்வுக்குத் திரும்புகிறான்.

"டெஸ்ட் எடுத்தேன், முடிவு குழப்பமாக இருக்கிறது"

இங்கே கோளாறு காதில் இல்லாமல் டெஸ்ட்டில் இருக்கலாம். செலவில்லாததிலிருந்து பார்ப்போம்.

கண்மை. கேமராக் கண்ணாடி கருவிழியைக் கறுப்பை வைத்துத்தான் பிடிக்கும். இமையோரம் மை இருந்தால் மையைப் பிடித்துக்கொண்டு ஆடும். என் முதல் வருடத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பதிவை முழுக்கத் தூக்கிப்போட்டேன். மை லேசாகத்தான் இருந்தது, முந்தைய நாள் கல்யாணத்தின் மிச்சம். அன்றிலிருந்து அறையில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்திருக்கிறேன்.

மாத்திரை. தலைசுற்றலுக்குக் கொடுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் காதின் பதிலை அடக்கிவிடும். டாக்டர் சம்மதித்தால் 48 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வோம், மதுவும் அப்படியே. பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. ஒருவர் பக்தியோடு எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வந்தார். பிரஷரைப் பார்த்ததும் டெஸ்ட்டை விட்டுவிட்டு அவரை அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன்.

முந்தைய நாள் இரைச்சல். ஆலையில் இரவு வேலை முடித்து நேரே வந்தால் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். 16 மணி நேரமாவது அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள்.

டிம்பனோமெட்ரி தாளில் கோடு மலையாக எழாமல் தட்டையாகப் போனால் உடனே "நீர்" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் கன அளவு என்று ஓர் எண் இருக்கும். வழக்கமான அளவு என்றால் நீர். மிகப் பெரிதாக இருந்தால் சவ்வில் ஓட்டை. மிகச் சிறிதாக இருந்தால் முனை குறும்பியிலோ காதுச் சுவரிலோ இடித்து நிற்கிறது, துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பேச்சு டெஸ்ட், அதாவது சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. என்னைக் கேட்டால் எங்கள் முதியவர்களுக்கு அநியாயம் நடக்கும் இடம் இதுதான். இங்கே உள்ள சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இல்லையென்றால் ஆஃப்ரிகான்ஸ். காது கேட்காததால் சொல் தவறியதா, சொல்லே தெரியாததால் தவறியதா என்று தாளில் தெரியாது. வேறோர் இடத்தில் டெஸ்ட் எடுத்த 84 வயது ஆயா ஒருவரின் தாளில் 40 விழுக்காடு என்று இருந்தது. மெஷின் போட்டாலும் பயன் குறைவு என்று எழுதியிருந்தார்கள். ஒலி டெஸ்ட்டில் அவ்வளவு மோசமான இழப்பு இல்லை, இரண்டும் ஒத்துப்போகவில்லை. மைக்கில் நானே, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, "மூணு, ஏழு, பத்து" என்று எண்களைச் சொன்னேன். அப்புறம் "அரிசி, விளக்கு, தாலி, புளி". இருபதில் பதினெட்டைத் திருப்பிச் சொன்னார். "புளி"க்கு மட்டும் "புலியா, புளியா?" என்று கேட்டார். முறையான பட்டியல் இல்லை அது, எண்ணிக்கையைத் தாளில் மதிப்பெண்ணாகப் போட முடியாது. அதனால் "தமிழில் பேசும்போது நன்றாகப் புரிந்துகொள்கிறார், ஆங்கிலப் பட்டியலின் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்" என்று குறிப்பாக எழுதினேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் ஒலி டெஸ்ட் நன்றாகவும் பேச்சு டெஸ்ட் மோசமாகவும் வந்திருந்தால், எந்த மொழியில் எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். தமிழில் அல்லது எண்களில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தும் ஒரு காதில் மட்டும் மோசமாகவே வந்தால் அது மொழிக் கோளாறு இல்லை, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். ஆயாவுக்கு மெஷின் போட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது டிவி சத்தம் போதாது என்று குறை சொல்வது அவருடைய மருமகள்.